நீரிழிவும் தலையெழுத்தும்

(கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்றைய கூட்டத்தில் நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நீரிழிவு வியாதியும், அந்த வியாதிக்குக் காரணமான ஒரு சிறு செல்லின் பிறப்பு வளர்ப்பும் ஆகும். இந்தக் கருணாபுரத்திலே நின்றுகொண்டு வியாதியைப் பற்றியும் சாவைப் பற்றியும் பேசுகிறவன் வார்த்தையை அளந்து பேச வேண்டும் என்பது நமக்குத் தெரியாததல்ல. 2024ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தினால் இங்கும் சுற்றுப்புறத்திலும் 60 பேருக்கு மேல் மாண்டார்கள். துக்க வீட்டில் வேறு என்ன சொல்லுவதென்று தெரியாத ஜனங்கள் "எல்லாம் விதி" என்று சொல்லிவிட்டுப் போவது நமது நாட்டு வழக்கம். அப்படிச் சொன்னவர்களை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தச் சொல்லைக் குறை கூறாமலிருக்க முடியாது. மெத்தனால் வயிற்றுக்குள் போனால் ஈரலில் பார்மிக் அமிலமாக மாறுகிறது. அந்த அமிலம் ரத்தத்தைக் கெடுக்கிறது. கண் நரம்பை அழிக்கிறது. காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மாற்று மருந்து கொடுத்தால் பலர் பிழைக்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படுகிற ஒன்று எப்படி விதியாகும்? அது காரணமுள்ள ஒரு காரியமே ஒழிய வேறல்ல.

இதே "விதி" என்னும் சொல்தான் நீரிழிவு விஷயத்திலும் குறுக்கே வந்து நிற்கிறது. அதுவும் இப்போது வேஷம் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது. முன்னே "பூர்வ ஜென்ம கர்மம்" என்றார்கள். இப்போது கொஞ்சம் படித்தவர்கள், "எங்கள் வம்சத்திலேயே உண்டு, ஜீனில் இருக்கிறதாம், என்ன செய்யலாம்?" என்கிறார்கள். பஞ்சகச்சம் கட்டியிருந்த பழைய விதி இப்போது கால்சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறதே தவிர ஆள் மாறவில்லை. ஜீன் என்னும் மரபணு என்பது தலையெழுத்துத்தானா, அல்லவா என்பதே இன்று நாம் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

வியாதி எவ்வளவு பரவியிருக்கிறது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடு முழுவதும் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2023இல் வெளியாயிற்று. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர். வயது வந்தவர்களில் நூற்றுக்கு 11.4 பேர். தமிழ்நாட்டிலோ நூற்றுக்கு 14.4 பேர். அதாவது வயது வந்த ஏழு பேர் ஒரு திண்ணையில் உட்கார்ந்தால் அதில் ஒருவருக்கு இந்த வியாதி உண்டு என்று அர்த்தம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் சர்க்கரை ஆலை இருப்பதால் வந்ததல்ல இது. பணக்காரர் வியாதி என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று கூலிக்காரர் குடிசையிலும் அது புகுந்துவிட்டது.

வியாதியின் இருப்பிடம்

இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஓர் உறுப்பு உண்டு. 100 கிராம் எடைகூட இல்லாதது. 1869இல் ஜெர்மனியில் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளம் மாணவர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கடலில் தீவுகள் போல் சிறு சிறு செல் கூட்டங்கள் அங்கங்கே இருக்கக் கண்டார். அவை எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. 1889இல் மின்கோவ்ஸ்கி, மெரிங் என்னும் இருவர் ஒரு நாயின் கணையத்தை அறுத்து எடுத்தார்கள். நாய்க்கு நீரிழிவு வந்துவிட்டது. அன்றைக்கே கர்மம் என்னும் கதைக்குக் கடைசிக் காலம் வந்துவிட்டது என்று சொல்ல வேண்டும். முந்தின நாள் வரை சுகமாயிருந்த நாய் கத்தி பட்ட பிறகு எந்த ஜென்மத்துப் பாவத்தைச் சம்பாதித்தது?

1921இல் கனடா தேசத்து டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் ஆகியோர் அந்தத் தீவுகளிலிருந்து வரும் இன்சுலின் என்னும் சரக்கைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில், சாகக் கிடந்த 14 வயதுப் பையன் ஒருவனுக்கு அதைக் குத்தினார்கள். அவன் மேலும் 13 வருஷம் உயிர் வாழ்ந்தான். கண்டவர்கள் அந்த உரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சர்வகலாசாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அதன்பின் ஏறக்குறைய 60 வருஷம் மாட்டுக் கணையத்திலிருந்தும் பன்றிக் கணையத்திலிருந்துமே உலகத்துக்கெல்லாம் இன்சுலின் வந்தது. ஆசாரசீலர்களும் அதைக் குத்திக்கொண்டுதான் உயிரோடிருந்தார்கள். இருக்கட்டும், உயிர் ஆசாரத்தை விடப் பெரியதென்று அவர்கள் உடம்பாவது ஒப்புக்கொண்டதே என்று சந்தோஷப்படுவோம்.

அந்தத் தீவுகளில் இன்சுலினைச் செய்கிற செல்லுக்குப் பீட்டா செல் என்று பெயர். ஒரு மனிதனிடம் இருக்கிற பீட்டா செல்களையெல்லாம் சேர்த்து நிறுத்தால் சுமார் ஒரு கிராம் தேறும். சாப்பிட்ட சோறு சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறும்போது, அதைச் சதைக்கும் ஈரலுக்கும் சேர்ப்பது இந்த ஒரு கிராம் செய்யும் வேலை. உடம்பின் காவற்படையே வழி தவறி இந்தச் செல்களைக் கொன்றுவிட்டால் அது முதல் வகை நீரிழிவு. சிறுவர்களுக்கும் வருவது. செல்கள் இருந்தும் தேவைக்கு ஈடுகொடுக்க முடியாமல் களைத்துப் போவது இரண்டாம் வகை. பெரியவர்களுக்கு மிகுதியாக வருவது. எந்த வகையானாலும் கடைசியில் பீட்டா செல் போதவில்லை என்பதில்தான் வந்து முடிகிறது.

ஒரே சுவடி

சரி, பீட்டா செல்லை யார் செய்தார்கள்? இங்கேதான் மரபணு வருகிறது. நமது உடம்பில் கோடானுகோடி செல்கள் உண்டு. சிவப்பு ரத்த அணு போன்ற சிலவற்றைத் தவிர ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரே சுவடி இருக்கிறது. தாயிடமிருந்து ஒரு படி, தகப்பனிடமிருந்து ஒரு படி. ஒரு படிக்குச் சுமார் 300 கோடி எழுத்து. அதில் உடம்புச் சரக்குகளைச் செய்யும் விதம் எழுதிய ஏடுகள் ஏறக்குறைய 20,000. ஓர் ஏட்டுக்கு ஒரு மரபணு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது யாதெனில், இன்சுலின் செய்யும் ஏடு கண்ணில் உள்ள செல்லிலும் இருக்கிறது, தோலில் உள்ள செல்லிலும் இருக்கிறது, மூளையிலும் இருக்கிறது. ஆனால் கண் இன்சுலின் செய்வதில்லை. ஏன்? அங்கே அந்த ஏடு கட்டிக் கிடக்கிறது. பீட்டா செல்லிலோ அது பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து நகல் எடுத்து, நகலைப் பார்த்து மணிகளைக் கோத்து, 51 மணிகள் கொண்ட இன்சுலின் தயாராகிறது. ஆகவே ஒரு செல்லைக் கண்ணாக்குவதும் கணையமாக்குவதும் எழுத்தல்ல. எந்த ஏடு எப்போது பிரிக்கப்படுகிறது, எது கட்டப்படுகிறது என்பதே. இதைத்தான் விஞ்ஞானிகள் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். வீட்டில் சுவடி இருந்ததனால் மட்டும் ஒருவன் படித்தவனாகிவிட முடியுமா? பிரித்துப் படிக்க ஆள் வேண்டாமா?

அந்த 51 மணிகளின் வரிசையைக் கேம்பிரிட்ஜில் சாங்கர் என்பவர் 1950களில் கண்டறிந்து, 1958இல் நோபல் பரிசு பெற்றார். 1978இல் மனித இன்சுலின் எழுத்தை ஒரு சாதாரணக் குடற்கிருமிக்குள் வைத்தார்கள். அந்தக் கிருமி அதைப் படித்து மனித இன்சுலினையே செய்து கொடுத்தது. 1982 முதல் அது மருந்தாக வந்துவிட்டது. அந்தக் கிருமி, "இது எந்த ஜாதியான் வீட்டு எழுத்து? எந்தக் கோத்திரம்?" என்று கேட்கவில்லை. பிறவியிலேயே உயர்ந்த ரத்தம், தாழ்ந்த ரத்தம் என்று பேசுகிறவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

கணையம் முளைக்கும் விதம்

கருவில் நான்கு வாரமாகும்போது குடலின் ஓரத்தில் இரண்டு மொட்டுகள் கிளம்புகின்றன. அவை சேர்ந்துதான் கணையமாகிறது. அந்த மொட்டு வளர்ந்து கணையமாவதற்கு பி.டி.எக்ஸ்.1 என்னும் மரபணு வேலை செய்ய வேண்டும். இதுவும் ஓர் ஏடுதான். ஆனால் சரக்கு செய்யும் ஏடு அல்ல, மற்ற ஏடுகளைப் பிரித்துக் கொடுக்கும் கணக்கப்பிள்ளை போன்றது. 1994இல் எலியில் இதை நீக்கிப் பார்த்தார்கள். குட்டி கணையமில்லாமலே பிறந்தது. கணையமில்லாமல் பிறந்த ஒரு மனிதக் குழந்தையிடமும் இதே எழுத்து கெட்டிருந்ததென்று 1997இல் கண்டார்கள். அதற்குப் பின் நியூரோஜெனின் 3 என்னும் கணக்கப்பிள்ளை வந்து சில செல்களைத் தீவு செல்களாக்குகிறது. பின் என்.கே.எக்ஸ்.6-1 என்பது வந்து, "நீ பீட்டா செல்லாகவே இரு, வேறாகாதே" என்று நிலைநிறுத்துகிறது. எட்டு ஒன்பது வாரத்துக் கருவில் இன்சுலின் செய்யும் செல் தென்பட்டுவிடுகிறது.

பிறந்த பிறகு முதல் ஓரிரண்டு வருஷத்தில் பீட்டா செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. பின் வரவரக் குறைந்து, வயது வந்தபின் பெருக்கம் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அதாவது தாய் வயிற்றிலும் தாய்ப்பால் காலத்திலும் சேர்த்து வைத்த முதலை வைத்துக்கொண்டுதான் மனிதன் ஆயுள் முழுவதும் வியாபாரம் செய்ய வேண்டியிருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சென்னையில் கண்டது

இவையெல்லாம் வெள்ளைக்கார தேசத்துச் சங்கதி, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். சென்னையிலுள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷனில் டாக்டர் மோகன், டாக்டர் ராதா வெங்கடேசன் ஆகியோரும், பெங்களூர், அமெரிக்கா விஞ்ஞானிகளும் சேர்ந்து, இளவயதில் ஒருவகை நீரிழிவு வந்த தென்னிந்தியர் 152 பேருடைய மரபணுக்களைப் படித்தார்கள். 2018இல் முடிவு வெளியாயிற்று. நாம் சற்று முன் சொன்ன என்.கே.எக்ஸ்.6-1 என்னும் கணக்கப்பிள்ளையின் எழுத்துப் பிழையும் இந்த வியாதிக்கு ஒரு காரணமாகலாம் என்று அவர்கள் காட்டினார்கள். பாட்டனுக்கு இருந்தது, தகப்பனுக்கு இருந்தது, மகனுக்கும் வந்தது என்றால் "வம்ச சாபம்" என்று சொல்லி வந்த நாட்டில், இன்ன ஏட்டில் இன்ன எழுத்து என்று விரல் வைத்துக் காட்டுவது சாமானிய காரியமல்ல.

காட்டினதால் என்ன பிரயோஜனம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். பிறந்து ஆறு மாதத்துக்குள்ளேயே சில குழந்தைகளுக்கு நீரிழிவு வந்துவிடுகிறது. மடியிலிருக்கும் சிசுவுக்குத் தினம் பல தடவை ஊசி குத்த வேண்டும். அதுவும் ஆயுள் முழுவதும். 2004இல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் இதற்கு முக்கியமான ஒரு காரணத்தைக் கண்டார்கள். அந்தக் குழந்தைகளிடம் பீட்டா செல் இருக்கிறது, இன்சுலினும் இருக்கிறது. ஆனால் செல்லின் ஒரு வாசற்கதவு, சர்க்கரை ஏறும்போது சாத்திக்கொள்ள வேண்டியது, எழுத்துப் பிழையினால் சாத்தாமல் நின்றுவிடுகிறது. அது சாத்தினால்தான் இன்சுலின் வெளியே வரும். அந்தக் கதவைச் சாத்துகிற மாத்திரை ஏற்கெனவே பல வருஷமாகப் பெரியவர்களுக்குக் கொடுத்து வந்த மலிவான கிளிபென்கிளமைடுதான். இந்தப் பிழையுள்ள 49 பேருக்கு இவ்வகை மாத்திரையைக் கொடுத்ததில் 44 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார்கள் என்று 2006இல் வெளியிட்டார்கள். சென்னையிலும் இப்படிப்பட்ட குழந்தைகளைச் சோதித்துக் கண்டுபிடித்து ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள்.

தலையில் எழுதியதை அழிக்க முடியாது என்றார்கள். இங்கே எழுத்தையே அழிக்கவில்லை. அதைப் படித்துப் புரிந்துகொண்டார்கள், அவ்வளவுதான். ஊசி போய் மாத்திரை வந்துவிட்டது. படிக்கத் தெரியாதவனுக்குத்தான் எழுத்து விதியாகிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இது ஆறு மாதத்துக்குள் வியாதி வந்து, சோதனையில் இந்தப் பிழை உறுதியான குழந்தைகளுக்கு மட்டுமே பொருந்தும். முதல் வகை நீரிழிவுள்ள மற்றக் குழந்தைகளுக்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாளில் உயிர் போய்விடும். நாம் சொன்னதைப் பாதி கேட்டுக்கொண்டு போய் யாரும் ஊசியை நிறுத்திவிடக் கூடாது.

பசி எழுதும் எழுத்து

இப்போது நமது கருணாபுரத்துக்கும் கல்வராயன் மலைக்கும் நேராகச் சம்பந்தப்பட்ட சங்கதிக்கு வருவோம். ஏடுகளைக் கட்டுவதும் பிரிப்பதும் கணக்கப்பிள்ளை மட்டுமல்ல. பசியும் அந்த வேலையைச் செய்கிறது.

அமெரிக்காவில் ரெபெக்கா சிம்மன்ஸ் என்னும் அம்மையாரும் அவருடைய கூட்டத்தாரும் சினை எலிகளின் கருப்பைக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்தார்கள். வயிற்றிலிருந்த குட்டிகள் போதிய ஊட்டமில்லாமல் சிறுத்துப் பிறந்தன. பின்னால் அவற்றுக்கு நீரிழிவு வந்தது. உள்ளே பார்த்தால் நாம் சொன்ன பி.டி.எக்ஸ்.1 ஏட்டில் எழுத்து ஒன்றும் கெடவில்லை. எழுத்து சரியாகவே இருக்கிறது. ஆனால் ஏட்டின்மேல் கட்டு விழுந்திருக்கிறது. முதலில் கட்டு தளர்வாயிருந்தது. குட்டி வளர வளர முடிச்சு இறுகி, அவிழ்க்க முடியாமலாயிற்று. இது 2008இல் வெளியாயிற்று. இதைவிட முக்கியமானது, பிறந்த முதல் வாரத்திலேயே குட்டிகளுக்கு ஒரு மருந்து கொடுத்தபோது முடிச்சு இறுகவில்லை. ஏடு மறுபடி வேலை செய்தது. நீரிழிவும் வராமல் தடைபட்டது. சினை எலிக்குப் புரதம் குறைந்த தீனி கொடுத்தால் குட்டிக்குப் பீட்டா செல் குறைகிறது என்பதும் வேறு ஆராய்ச்சிகளில் கண்டதே.

எலி சங்கதி மனிதனுக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்ல வரவில்லை. மனிதர்களிடம் கண்டதைக் கேளுங்கள். பூனாவில் டாக்டர் யாஜ்னிக், கிராமத்துத் தாய்மார்களின் குழந்தைகளை நிறுத்துப் பார்த்தார். சராசரி எடை 2.7 கிலோ. இங்கிலாந்தில் சவுதாம்ப்டன் நகரக் குழந்தைகளின் சராசரி 3.5 கிலோ. நமது குழந்தைகளுக்குச் சதையும் உறுப்புகளும் குறைந்து, கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையாமல் இருந்தது. 2003இல் இதை வெளியிட்டார்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலோ டாக்டர் நிகால் தாமஸ் முதலானவர்கள், வெகுநாள் ஊட்டமில்லாமல் மெலிந்து, நீரிழிவும் வந்த மனிதர்களை அமெரிக்க விஞ்ஞானிகளோடு சேர்ந்து சோதித்தார்கள். 2022இல் முடிவு சொன்னார்கள். அவர்கள் உடம்பு இன்சுலினை ஏற்க மறுக்கவில்லை. இன்சுலின் சுரப்பதுதான் மிகக் குறைவு. அதாவது வியாதி உண்டவன் வியாதியல்ல, உண்ணாதவன் வியாதி. இப்படி ஒன்று உண்டென்று 1955இலேயே ஜமைக்கா தீவில் சொன்னார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் 1985இல் பட்டியலில் சேர்த்தது, 1999இல் எடுத்துவிட்டது. 2025இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் ஐந்தாம் வகை என்று பெயரிட்டு அங்கீகரித்தது. இன்னும் ஒப்புக்கொள்ளாத நிபுணர்களும் இருக்கிறார்கள், தர்க்கம் நடக்கிறது. நடக்கட்டும். தர்க்கம் செய்து ருஜுப்படுத்திக்கொள்வதுதான் விஞ்ஞானத்துக்கும் வேதவாக்குக்கும் உள்ள வித்தியாசம்.

தோழர்களே! நன்றாய் யோசித்துப் பாருங்கள். ஏழைத் தாயின் வயிற்றிலிருக்கும் குழந்தையின் கணையத்தில் ஏட்டைக் கட்டிப்போடுவது பிரம்மாவா, பட்டினியா? வீட்டில் மாமனார், புருஷன், பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட்ட பின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவள் யார்? இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டியவளுக்கு அரை உயிருக்கான சோறுகூட மிஞ்சாத வீடுகள் எத்தனை? அது ஆகாது, இது சூடு, இது குளிர்ச்சி என்று முட்டையையும் மீனையும் பழத்தையும் தடுக்கும் பாட்டிமார்கள் எத்தனை பேர்? குழந்தைக்கு 30 வருஷம் கழித்து நீரிழிவு வந்தால் அப்போது, "அவன் ஜாதகம் அப்படி" என்பார்கள். இதற்காகத் தாயைக் குற்றம் சொல்லுவது சுத்த அயோக்கியத்தனம். குற்றம் கூலியைக் குறைத்தவனிடத்திலும், அவளைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த வழக்கத்தினிடத்திலுமே இருக்கிறது.

இரட்டையர் சாட்சி

"எப்படியானாலும் வம்சத்தில் இருந்தால் வந்துதானே தீரும்?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரைச் சாட்சியாகக் கொண்டுவருகிறோம். இருவருக்கும் சுவடி ஒன்றே. பிறந்த நாளும் நட்சத்திரமும் ஒன்றே. ஆகையால் ஜோசியர் கணக்குப்படியும் தலையெழுத்து ஒன்றே. அப்படியிருந்தும் ஒருவருக்கு முதல் வகை நீரிழிவு வந்த எத்தனையோ ஜோடிகளில் மற்றவருக்கு வரவில்லை. எழுத்தே எல்லாம் என்றால் இது எப்படி முடியும்? மரபணு வியாதிக்கு இடங்கொடுக்கலாம். கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைப்பது பெரும்பாலும் மற்றக் காரணங்களே.

இரண்டாம் வகைக்கோ நமது சென்னையிலேயே சாட்சி உண்டு. டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் எல்லையில் நின்றவர்களுக்கு நடை, ஆகாரக் கட்டுப்பாடு ஆகியவற்றைச் சொல்லிக் கொடுத்து மூன்று வருஷம் கவனித்தார்கள். சும்மா விட்டவர்களைவிட இவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது என்று 2006இல் வெளியிட்டார்கள். இவர்களுடைய சுவடியை யாரும் மாற்றி எழுதவில்லை. காலைத்தான் நடக்க விட்டார்கள்.

போன செல்லை வளர்க்க முடியுமா?

முடியும் என்பதற்கு ஆரம்பம் ஏற்பட்டிருக்கிறது. கணையத்தில் சிலருக்கு பீட்டா செல் கட்டுக்கடங்காமல் பெருகி ஒரு கழலை உண்டாவதுண்டு. அந்தச் செல் மட்டும் எப்படிப் பெருகுகிறது, எந்த ஏடு அங்கே பிரிந்திருக்கிறது என்று நியூயார்க்கில் ஸ்டூவர்ட் என்பவரின் கூட்டத்தார் படித்தார்கள். வியாதியிடமிருந்தே வைத்தியம் கற்றுக்கொள்ளும் முயற்சி அது. அதே கூட்டத்தார் ஆயிரக்கணக்கான சரக்குகளைச் சோதித்து, ஹார்மைன் என்னும் ஒரு செடிச் சரக்கு மனித பீட்டா செல்லைப் பெருகச் செய்கிறதென்று 2015இல் சொன்னார்கள். பெருக்கத்துக்குத் தடை போட்டிருந்த ஒன்றை அது நீக்குகிறது.

உடனே, "பார்த்தீர்களா, மூலிகைதானே!" என்று சிலர் கிளம்புவார்கள். மூலிகையில் நமக்கு விரோதமில்லை. மருந்து செடியிலிருந்து வந்தாலும் சரி, கிருமியிலிருந்து வந்தாலும் சரி. சோதித்துப் பார்த்தாயா, எத்தனை பேருக்குக் கொடுத்தாய், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டாயா, கெடுதல் என்ன என்பதுதான் நமது கேள்வி. ஹார்மைனைக் கண்டவர்களே அதை ஜனங்களுக்கு விற்கக் கிளம்பவில்லை. கணையத்தைத் தவிர மற்ற உறுப்புகளையும் அது தொடக்கூடும் என்று வருஷக்கணக்காகச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். நமது சந்தையிலோ ஒரே லேகியம் நீரிழிவு, மூலம், மலட்டுத்தனம் மூன்றையும் ஒரு மண்டலத்தில் தீர்த்துவிடுகிறது!

இன்னொரு வழி, கருவின் ஆரம்பச் செல்லைப் போன்ற மூலச்செல்லை எடுத்து, தாய் வயிற்றில் எந்த வரிசையில் ஏடுகள் பிரிகின்றனவோ அதே வரிசையில் கண்ணாடிப் பாத்திரத்தில் பிரிக்கச் செய்து, பீட்டா செல்லாக்குவது. 2014இல் அமெரிக்காவில் மெல்டன் என்பவரின் கூட்டத்தார் இதைச் செய்து காட்டினார்கள். இவருடைய பிள்ளைகளுக்கே முதல் வகை நீரிழிவு. அதனால்தான் இந்த ஆராய்ச்சிக்கு வந்தார். கோயிலுக்கு நேர்ந்துகொண்டு உட்காராமல் ஆராய்ச்சிச் சாலையில் உட்கார்ந்தார். 2025இல் வெளியான முடிவின்படி, இவ்வகைச் செல்களை முழு அளவில் உடம்பில் செலுத்தி ஒரு வருஷம் கவனித்த 12 பேரில் 10 பேர் இன்சுலின் ஊசி இல்லாமல் இருக்கிறார்கள். இதிலும் குறையுண்டு: புதுச் செல்லை உடம்பின் காவற்படை கொல்லாதிருக்க, அந்தக் காவலை அடக்கும் மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். 12 பேர் என்பது கொஞ்சம். ஆகையால், "செல் வைத்தியத்தில் நீரிழிவை அடியோடு தீர்க்கிறோம்" என்று இன்று யாராவது போர்டு போட்டு லட்சக்கணக்கில் பணம் கேட்டால், அவன் சாமியாரின் சகோதரன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆராய்ச்சி முடியட்டும் என்று கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள் உண்டு.

முதலாவது, கர்ப்பிணிக்கு முதல் பந்தி. இது தர்மமல்ல, பிறக்கப் போகும் பிள்ளைக்குச் சேரவேண்டிய கடன். அங்கன்வாடியில் அவளுக்கென்று கொடுக்கும் உணவு அவள் வாய்க்கே போய்ச் சேரும்படி வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்ப்ப காலத்தில் சர்க்கரைச் சோதனையும் அவசியம்.

இரண்டாவது, குழந்தை ஓயாமல் தண்ணீர் கேட்டு, ஓயாமல் மூத்திரம் போய், தின்றும் மெலிந்தால், மந்திரிக்கவும் வேண்டாம், கயிறு கட்டவும் வேண்டாம். அன்றைக்கே ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள். முதல் வகை என்றால் இன்சுலினே அதன் உயிர். எந்த இலைச்சாறும் அதற்கு ஈடல்ல. ஆறு மாதத்துக்குள் வியாதி வந்த சிசுவானால், மரபணுச் சோதனை வேண்டுமென்று வைத்தியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

மூன்றாவது, பெரியவர்கள் வருஷம் ஒரு தடவையாவது சோதித்துக்கொள்ளுங்கள். 2021இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நீரிழிவு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருவதற்காக ஏற்பட்டது. 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி நமது கள்ளக்குறிச்சியிலேயே இருக்கிறது. முன்போல் விழுப்புரத்துக்கு ஓடவேண்டும் என்ற சாக்கு இனி செல்லாது. மலை மேலுள்ளவர்களுக்கு இறங்கி வரும் கஷ்டம் உண்டு. அவர்களுக்குச் சோதனை மலைக்கே வரவேண்டும் என்று கேட்க வேண்டியது கீழே இருக்கும் நமது கடமையாகும்.

நான்காவது, குடி. விஷச்சாராயம் ஒரே நாளில் கொல்லுகிறது. அது ஊருக்கெல்லாம் தெரிகிறது. மிதமிஞ்சிய குடியோ, எந்தக் கடையில் வாங்கினதானாலும், வருஷக்கணக்கில் கணையத்தை அழற்சியினால் வேகவைத்து, பீட்டா செல்லையும் சேர்த்து அழித்துவிடக் கூடும். இது ஒருவருக்கும் தெரிவதில்லை. ஒரு கிராம் முதலை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்கிறவன் அதற்குத் தன் கையாலேயே தீ வைக்கலாமா?

தோழர்களே! மரபணு என்பது பொய் என்று நாம் சொல்லவில்லை. அது மெய், கையில் எடுத்துப் படித்த மெய். ஆனால் அதைப் படித்தவர்கள் கண்டது என்னவென்றால், அதில் எழுதியிருப்பது ஒரு பங்குதான். பிரிப்பதும் கட்டுவதும் தாயின் சோறு, பிள்ளையின் ஊட்டம், நமது நடை, நமது குடி, அரசாங்கத்தின் ஆஸ்பத்திரி ஆகிய பல கைகளில் இருக்கிறது. அந்தக் கைகளில் பல நமது கைகளே. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் விதியின்மேல் பழியைப் போடுவது நமது பொறுப்பை நாம் தட்டிக் கழிப்பதாகவே ஆகும்.

நாம் சொன்னதை நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிட வேண்டாம். வைத்தியர்களைக் கேளுங்கள்; படித்தவர்களைக் கேளுங்கள்; உங்கள் சொந்த அறிவுக்கும் அநுபவத்துக்கும் சரியென்று பட்டதை ஒப்புக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். சந்தேகம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து கேட்கலாம். முக்கியமாகத் தாய்மார்கள் கேட்க வேண்டும்.